ஒரே ரிசல்ட், இரண்டு வயிறு

மஞ்சப்பையில் வந்த கேள்வி

மாரிகுப்பத்தில் காலை ரயிலேறி பெங்களூருக்கு வந்த சித்தப்பா, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கழிப்பறை எங்கே என்று கேட்டார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்த்தார். வழக்கமாக அதில் முறுக்கு இருக்கும். இந்தத் தடவை இரண்டு ஸ்கேன், ஒரு எண்டோஸ்கோப்பி, மலப் பரிசோதனை, விரல் கனத்துக்கு ரத்தப் பரிசோதனைத் தாள்கள்.

கோலார் தங்கவயலில் 2001இல் சுரங்கத்தை மூடும்வரை நிலத்துக்கு அடியில் வேலை பார்த்தவர். உடம்பு முடியவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது எட்டு மாதமாக வயிறு படுத்துகிறது. விடிந்ததும் இரண்டு மூன்று தடவை ஓட வேண்டியிருக்கிறது. சாப்பிட்ட கையோடு உப்புசம். பஸ்ஸில் ஏறவே பயம். மூன்று டாக்டர்களைப் பார்த்தாயிற்று. முதலாமவர் கேஸ் மாத்திரை கொடுத்தார். இரண்டாமவர் எண்டோஸ்கோப்பி போட்டுவிட்டு லேசான இரைப்பை அழற்சி என்றார். மூன்றாமவர் ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். அதில் ஒரு எண் கோட்டைச் சற்றே தாண்டியிருந்தது. "உங்களுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை, சப்பாத்தியை விடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

"சுகர் டாக்டர் ராத்திரிக்குச் சப்பாத்திதான் சாப்பிடணும்கறார். இவர் அதைத் தொடாதேங்கறார். நான் யார் பேச்சைக் கேக்கறது?" என்றார் சித்தப்பா. "இவ்ளோ பெரிய ஊர்ல ஒரு நல்ல வயித்து டாக்டர் யாருன்னு சொல்லுடா."

இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பம் இருக்காது. பெங்களூரில் எந்தப் பெரிய சாலையில் போனாலும் நாலு மருத்துவமனைப் பலகை கண்ணில் படும். ஆனால் அவர் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. வயிறு ஒன்றுதான். மூன்று பதில் எப்படி வந்தது? இதற்கு விடை தெரிந்தால், யாரிடம் போவது என்பதும் பாதி தெரிந்துவிடும்.

பலகையில் இருக்கும் எழுத்துகள்

எளிதான பகுதியை முதலில் முடித்துவிடலாம். 'கேஸ்ட்ரோ' என்று நாம் சுருக்கிச் சொல்லும் இரைப்பை-குடல் நிபுணர், எம்.பி.பி.எஸ். முடித்து, பொது மருத்துவத்தில் மூன்று ஆண்டு எம்.டி. படித்து, அதற்கும் மேலே மூன்று ஆண்டு டி.எம். படித்தவர். டி.எம். இடத்தில் டி.ஆர்.என்.பி. என்று இருந்தாலும் அதே தரந்தான். எம்.சிஎச். என்றிருந்தால் அவர் கத்தி பிடிப்பவர், அதாவது இரைப்பை-குடல் அறுவை நிபுணர். பித்தப்பைக் கல்லை எடுக்க வேண்டுமானால் அவரிடம் போகலாம். உப்புசத்துக்கு வேண்டியதில்லை. கல்லீரலுக்கென்றே தனியாக டி.எம். படித்தவர்களும் உண்டு.

பெயருக்குப் பின்னால் வரும் மற்ற எழுத்துகள் குறுகிய காலப் பயிற்சிகளாகவோ சங்க உறுப்பினர் என்பதற்கான அடையாளமாகவோ இருக்கலாம். தவறில்லை, ஆனால் அவை டி.எம்.முக்கு ஈடாகாது. சந்தேகம் இருந்தால் கர்நாடக மருத்துவ கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்கலாம். மருந்துச் சீட்டிலேயே அது அச்சாகியிருக்க வேண்டும். கட்டணமும் அப்படித்தான். கர்நாடகத்தின் 2007ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டம், கட்டணப் பட்டியலைப் பார்வையில் படும்படி வைக்கச் சொல்கிறது. கையில் காசு குறைவென்றால் கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில் விக்டோரியா மருத்துவமனை வளாகத்திலேயே அரசின் இரைப்பை-குடல் அறிவியல், உறுப்பு மாற்று நிலையம் இருக்கிறது. அங்கே கூட்டத்துக்கும் குறைவில்லை.

சித்தப்பா பார்த்த மூவரில் இருவர் முறையாகப் படித்த நிபுணர்கள். ஆகவே சிக்கல் பட்டத்தில் இல்லை.

வைட்ஃபீல்டில் இரண்டு பேர்

வைட்ஃபீல்டில் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பக்கத்து மேசையில் இருவர். ஒருவர் லூதியானாவில் பிறந்து வளர்ந்தவர். மற்றவர் திருப்பத்தூர்க்காரர். இருவருக்கும் முப்பது வயது, இருவருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. அலுவலகம் காசு கொடுக்கிறதே என்று 'முழு உடல் பரிசோதனை' எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பட்டியலில் சித்தப்பாவுக்கு எடுத்த அதே பரிசோதனையும் இருக்கிறது. இருவருக்கும் பாசிட்டிவ். சந்தேகத்துக்கு இன்னொரு முறை எடுத்தாலும் பாசிட்டிவ். ஆய்வகம் ஒன்று, கருவி ஒன்று, எண்ணும் ஒன்று. அப்படியானால் இருவருக்கும் நோய் இருப்பதற்கான வாய்ப்பும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

அந்த நோயின் பெயர் சீலியாக். கோதுமை, பார்லி போன்றவற்றில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. பரோட்டா மாவை இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்கிறதே, அந்த இழுவை குளூட்டனுடையது. சீலியாக் உள்ளவரின் உடல் இந்தப் புரதத்தைக் கண்டதும் தன் குடலையே தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உட்சுவர் டர்க்கி டவல் மாதிரி நுண்ணிய இழைகளால் ஆனது. குடலுறிஞ்சிகள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். நோய் முற்றினால் டவல் தேய்ந்து வேட்டித் துணி மாதிரி வழவழவென்று ஆகிவிடும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, எடை இழப்பு என்று போகும்.

கோதுமைதான் காரணம் என்று கண்டுபிடித்தவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1930களிலேயே அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், போரின் கடைசிக் கட்டத்தில், நெதர்லாந்தில் பெரும் பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது, இந்த நோய் கண்ட குழந்தைகள் மட்டும் தேறின. ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி விழுந்தன. பஞ்சத்தில் தேறும் பிள்ளையைப் பார்த்த மருத்துவருக்கு வேறென்ன சான்று வேண்டும்?

குடல் இப்படித் தாக்கப்படும்போது ரத்தத்தில் ஒரு வகை எதிர்ப்பொருள் சுற்றும். வைட்ஃபீல்டு இருவருக்கும் பாசிட்டிவ் வந்தது அதற்குத்தான். ஆனால் எதிர்ப்பொருள் இருப்பது வேறு, குடல் தேய்ந்திருப்பது வேறு. தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, வாய்வழியே எண்டோஸ்கோப்பி விட்டு, சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து அரிசிமணியைவிடச் சிறிய துணுக்குகளைக் கிள்ளி நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். இதைத்தான் பயாப்ஸி என்கிறோம்.

பத்தாயிரம் பேரை நிற்க வைத்தால்

பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு நிஜமாகவே நோய் என்ற கேள்விக்கு இந்தியாவிலேயே செய்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. வேலூர் சிஎம்சியில் நெடுங்காலம் பணியாற்றிய பி.எஸ். ராமகிருஷ்ணாவும் வேறு பல மருத்துவர்களும் சேர்ந்து 2016இல் வெளியிட்டது. வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா மூன்றிலுமாக 23,331 ஆரோக்கியமான பெரியவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பாசிட்டிவ் வந்தவர்களுக்கு வேறொரு முறையில் மறுபடி சோதித்தார்கள். அதிலும் பாசிட்டிவ் வந்தவர்களை மேலும் ஆராய்ந்தார்கள்.

அவர்கள் தந்த விகிதத்தை வைத்து, வடக்கிலிருந்து பத்தாயிரம் பேரை ஒரு மைதானத்தில் நிற்க வைப்போம். இரண்டு முறையும் பாசிட்டிவ் ஆனவர்கள் கையைத் தூக்கட்டும். சுமார் 122 கைகள் உயரும். அந்த 122 பேரில் நிஜமாகவே நோய் உள்ளவர்கள் 85 பேர். மீதி 37 பேருக்கு எதிர்ப்பொருள் உண்டு, குடலில் சேதம் இல்லை.

இப்போது தெற்கிலிருந்து பத்தாயிரம் பேர். 13 கைகள் உயரும். அவர்களில் நோயாளி ஒருவர். மீதிப் பன்னிரண்டு பேரின் குடலும் நன்றாகவே இருக்கும்.

வைட்ஃபீல்டுக்குத் திரும்புவோம். லூதியானாக்காரர் அந்த 122 கைகளில் ஒருவர். அவருக்குச் சீலியாக் இருக்கப் பத்தில் ஏழு வாய்ப்பு. திருப்பத்தூர்க்காரர் 13 கைகளில் ஒருவர். அவருக்குப் பதின்மூன்றில் ஒன்று. காகிதத்தில் அதே எண், அதே சிவப்பு எழுத்து. ஒருவருக்கு அது கிட்டத்தட்டத் தீர்ப்பு. மற்றவருக்கு வெறும் புகார் மனு.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. அந்த ஆய்வில் தெற்கிலிருந்து சோதித்தவர்கள் 8,973 பேர். விகிதத்தைப் பெருக்கிப் பார்த்தால் நோயாளி என்று தேறுபவர் ஒரே ஓர் ஆள். ஓர் ஆளை வைத்துப் போட்ட கணக்கு ஆடத்தான் செய்யும். அடுத்த ஆய்வில் அது இரண்டாகலாம், நான்காகலாம். ஆனால் எண்பத்தைந்தைத் தொடாது.

ஏன் இந்த வித்தியாசம்? தெற்கத்தி ரத்தம் வேறு என்று சட்டென்று நினைக்கத் தோன்றும். அவர்கள் மரபணுவையும் பார்த்திருக்கிறார்கள். சீலியாக் வருவதற்கு அடித்தளமான மரபணுக்கள் வடக்கில் 38 சதவீதம் பேருக்கு, தெற்கில் 36 சதவீதம் பேருக்கு. ஏறத்தாழ ஒன்றுதான். மாறியது தட்டு. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிடுகிறார். தெற்கே 25 கிராம். வெடிமருந்து இரண்டு பக்கமும் இருக்கிறது, தீப்பெட்டி ஒரு பக்கந்தான் அதிகம்.

திருப்பத்தூர்க்காரர் பதினைந்து வருடமாக பெங்களூரில் மூன்று வேளையும் சப்பாத்தியும் பீட்சாவுமாகச் சாப்பிட்டு வந்தால் அவர் எந்த மைதானத்தில் நிற்கிறார்? இதற்குத் தாளில் பதில் இல்லை. அவரைக் கேட்டால்தான் தெரியும்.

முன்வாய்ப்பு

பரிசோதனை எடுப்பதற்கு முன்னாலேயே ஒருவருக்கு ஒரு நோய் இருக்க எவ்வளவு சாத்தியம் என்று ஒரு கணிப்பு உண்டு. அதை முன்வாய்ப்பு என்று சொல்லிக்கொள்வோம். பரிசோதனை அதை மேலே ஏற்றும் அல்லது கீழே இறக்கும். ஒருபோதும் அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதாது.

முன்வாய்ப்பை எதை வைத்துப் போடுவது? ஊரை வைத்து மட்டுமல்ல. அதே திருப்பத்தூர்க்காரருக்கு இரும்புச்சத்து மாத்திரைக்கும் அசையாத ரத்தசோகை இருந்தால், எடை இறங்கிக்கொண்டே போனால், உடன்பிறந்த அக்காவுக்கு இந்த நோய் இருந்தால், அவர் அந்த ஆரோக்கியமான பத்தாயிரம் பேரின் மைதானத்தை விட்டு வேறொரு சிறிய மைதானத்துக்கு வந்துவிடுகிறார். அங்கே உயரும் கைகளில் பெரும்பாலானவை உண்மையான கைகள். அவருடைய பாசிட்டிவை அலட்சியம் செய்யும் மருத்துவர் தப்பு செய்கிறார்.

ஒரு நிபுணர் உங்களிடம் முதல் பத்து நிமிடம் கேட்கும் கேள்விகள் எல்லாம் இந்த மைதானத்தைத் தேடும் வேலைதான். எந்த ஊர், என்ன சாப்பாடு, எப்போதிலிருந்து, ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறதா, எடை குறைந்ததா, வீட்டில் யாருக்காவது உண்டா, வேறு என்ன மாத்திரை. இதைக் கேட்காமல் நேராகப் பரிசோதனைச் சீட்டு எழுதுபவருக்கு, வரப்போகும் ரிசல்ட்டின் எடை என்னவென்று தெரிய வழியில்லை. எவ்வளவு படித்திருந்தாலும் தெரியாது. சித்தப்பாவுக்கு மூன்று பதில் வந்தது இப்படித்தான்.

தெருமுனைக் குடும்ப மருத்துவரின் மதிப்பும் இதில்தான் இருக்கிறது. அவரிடம் வயிற்றுவலி என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு நேற்றைய சாப்பாடுதான் காரணம். அவர் சலித்து, இது வேறு மாதிரி இருக்கிறது என்று கடிதம் எழுதி அனுப்புபவர்கள் நிபுணரின் வாசலுக்கு வரும்போதே முன்வாய்ப்பு ஏறியவர்கள். நேராகப் போனால் அந்தச் சல்லடை இல்லை. நிபுணர் தன்னிடம் வழக்கமாக வருபவர்களை வைத்தே உங்களையும் எடைபோடுவார். சாதாரண உப்புசத்துக்குக் கனமான பரிசோதனை வந்து சேர்வதற்குப் பேராசை மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. தப்பான வரிசையில் நின்றதும் ஒரு காரணம்.

கோதுமையைப் பற்றி இன்னொன்று. பரிசோதனைகள் முடிவதற்கு முன்பே கோதுமையை விட்டுவிடுவது பெங்களூரில் இப்போது பரவலாகிவிட்டது. விட்டால் எதிர்ப்பொருள் இறங்கும், குடலும் ஆறத் தொடங்கும். அதற்குப் பிறகு எடுக்கும் பயாப்ஸியில் நோய் உள்ளவருக்கும் ஒன்றுமில்லை என்று வரலாம். திருடன் ஓடிய பிறகு கைரேகை எடுத்த கதைதான்.

"விட்ட பிறகு எனக்கு நல்லா இருக்கே!" என்பார்கள். இருக்கலாம். கோதுமையில் குளூட்டனோடு ஃபிரக்டான் என்ற மாவுச்சத்தும் இருக்கிறது. நம் குடலால் அதைச் செரிக்க முடியாது. பெருங்குடலில் கிருமிகள் அதைப் புளிக்க வைத்து வாயுவாக்கும். நார்வேயில் குளூட்டன் ஆகாது என்று தாங்களாகவே நம்பி ஒதுக்கிவந்த 59 பேருக்கு, எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் குளூட்டனையும் ஃபிரக்டானையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, தொந்தரவை ஏற்றியது ஃபிரக்டான். அது வெங்காயத்திலும் பூண்டிலும் தாராளமாக இருக்கிறது. சப்பாத்தியை விட்டுவிட்டுச் சின்ன வெங்காய சாம்பாரை இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றிக்கொள்பவருக்கு இது சோகச் செய்தி.

புண் ஒன்று, பெயர் இரண்டு

ஊர் மாறினால் நோயின் பெயரே மாறும் என்பதற்கு இன்னும் கூர்மையான உதாரணம் உண்டு. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் மூலை, வலது அடிவயிற்றில் இருக்கிறது. அந்த மூலையில் புண். நோயாளிக்கு வலி, லேசான காய்ச்சல், எடை இறக்கம். லண்டனில் இதைப் பார்க்கும் மருத்துவர் முதலில் நினைப்பது குரோன் நோயை. 1932இல் நியூயார்க்கில் பர்ரில் குரோனும் அவர் கூட்டாளிகளும் விவரித்த குடல் அழற்சி நோய் அது. பெங்களூரிலோ சென்னையிலோ அதே புண்ணைப் பார்ப்பவர் இன்னொன்றையும் நினைத்தாக வேண்டும். காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. குடலுக்குள் வந்தால் அதற்கு மிகவும் பிடித்த இடம் இதே மூலைதான்.

கேமராவில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பயாப்ஸியில் காசநோய்க் கிருமி பல நேரம் சிக்காது. தப்பாகக் கணித்தால் விலை அதிகம். குரோனுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியை அடக்கும், காசநோய் உள்ளவருக்கு அது நெருப்பில் எண்ணெய். காசநோய் மருந்தைக் குரோன் நோயாளிக்கு மாதக்கணக்கில் கொடுத்தால், அதற்குள் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளலாம். அதனால் தெளிவாகத் தெரியாதபோது இந்திய நிபுணர்கள் பலர், காசநோய் மருந்தைத் தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலனோஸ்கோப்பியில் பார்க்கிறார்கள். புண் ஆறியிருந்தால் ஒரு விடை, அப்படியே இருந்தால் மறு விடை.

இப்படிப்பட்ட மருத்துவர் உங்களிடம் "எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியவில்லை, மூன்று மாதம் கழித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்பார். கேட்பதற்கு இது திறமைக்குறைவு மாதிரி இருக்கும். நம்மில் பலர் இந்த இடத்தில்தான் டாக்டரை மாற்றிவிடுகிறோம். புதியவர் புதிதாகத் தொடங்குவார், கணக்கு மறுபடி பூஜ்யத்துக்குப் போகும்.

கைவேலை

இதுவரை சொன்னது யோசனை. கேஸ்ட்ரோ டாக்டருக்குக் கைவேலையும் உண்டு. அதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதிகம்.

வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கும் வளையும் குழாய்க்குப் பின்னால் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி இருக்கிறார். மெல்லிய கண்ணாடி இழைக்கட்டின் வழியே படத்தைக் கடத்தலாம் என்று அவரும் ஹெரால்ட் ஹாப்கின்ஸும் 1954இல் காட்டினார்கள். அதைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ் அமெரிக்காவில் இழைக் குழாயைச் செய்து, 1957இல் தன் தொண்டைக்குள்ளேயே முதலில் விட்டுப் பார்த்தார். இன்று குழாயின் நுனியில் கேமராவே இருக்கிறது. ஆனால் அதைத் திருப்பும் கை மனிதக் கைதான்.

கொலனோஸ்கோப்பியில் குழாயைப் பெருங்குடலின் கடைசி மூலைவரை கொண்டுபோய், பிறகு மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே பார்ப்பார்கள். பார்ப்பது முக்கியமாக இழுக்கும்போதுதான். அமெரிக்காவின் ராக்ஃபோர்டில் பன்னிரண்டு நிபுணர்களின் வேலையைக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஒருவர் சராசரியாக மூன்று நிமிடத்தில் இழுத்துவிடுகிறார், இன்னொருவர் பதினாறு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார். 2006இல் வெளியான அந்த ஆய்வில், சராசரியாக ஆறு நிமிடமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் 28.3 சதவீதம் பேரிடம் புற்றாக மாறக்கூடிய கட்டிகளையோ புற்றையோ கண்டார்கள். அவசரக்காரர்கள் கண்டது 11.8 சதவீதம் பேரிடம். எல்லாரும் பயிற்சி பெற்ற நிபுணர்கள்தான்.

அந்தச் சதவீதத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. பெருங்குடல் புற்று நம்மிடம் அவர்களைவிடக் குறைவு. மறுபடியும் முன்வாய்ப்பு! ஆனால் ஆறு நிமிடம் எந்த ஊரிலும் ஆறு நிமிடந்தான்.

நோயாளி கடிகாரம் பிடித்துக்கொண்டு படுத்திருக்க முடியாது, மயக்கத்தில் இருப்பார். ரிப்போர்ட்டைப் படிக்கலாம். குழாய் 'சீக்கம்' என்ற கடைசி மூலைவரை போனதா, அதையும் தாண்டிச் சிறுகுடலின் முனைக்குள் எட்டிப் பார்த்ததா, குடல் சுத்தமாக இருந்ததா, எத்தனை இடத்தில் துணுக்கு எடுத்தார்கள் என்று நல்ல ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும். சிறுகுடல் முனையைப் பார்க்காமல் வந்தால், காசநோயும் குரோனும் குடியிருக்கும் அறையைத் திறக்காமலே வீட்டைச் சோதித்தது போல. குடல் சுத்தம் உங்கள் பொறுப்பு. முந்தின ராத்திரி லிட்டர் கணக்கில் குடிக்கச் சொல்லும் அந்த உப்புக்கரிக்கும் எலுமிச்சை வாசனைப் பேதி மருந்தைப் பாதியோடு நிறுத்திவிட்டுப் போனால், உலகத்தின் சிறந்த நிபுணருக்கும் சேறுதான் தெரியும்.

சல்லடைக்கு நிற்கக் கூடாதவர்கள்

மலம் தார் மாதிரி கருப்பாகப் போனாலோ ரத்த வாந்தி வந்தாலோ குடும்ப மருத்துவர், கடிதம், வரிசை எதுவும் வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். (இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கருப்பாக்கும். அதைச் சாப்பிடுகிறோமா என்று நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.) சாப்பாடு தொண்டைக்குக் கீழே இறங்கச் சிக்குகிறது, கண் மஞ்சளாகிறது, காரணமில்லாமல் எடை இறங்குகிறது, ஐம்பது தாண்டிய பிறகு மலம் போகும் வழக்கம் புதிதாக மாறியிருக்கிறது என்றால் அதே வாரத்தில் நிபுணரைப் பாருங்கள்.

காராபாத்

சித்தப்பாவுக்கும் அறுபது தாண்டிவிட்டது, வழக்கமும் மாறியிருந்தது. ஆகவே நான்காவதாக ஒரு நிபுணரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். நான் அவரைத் தேர்ந்தெடுத்த விதம் அப்படியொன்றும் விஞ்ஞானபூர்வமானதில்லை. அவரிடம் போய்வந்த பக்கத்து வீட்டம்மா, "ரொம்ப கேள்வி கேக்கறார், டயம் ஆயிடுது" என்று குறைப்பட்டுக்கொண்டார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

"ஏனு தொந்தரே?" என்று கன்னடத்தில் தொடங்கியவர், சித்தப்பாவின் தமிழைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். ஃபைலை வாங்கி, திறக்காமல் ஓரமாக வைத்தார். எப்போது ஆரம்பித்தது, ராத்திரி எழுப்புகிறதா, எடை என்ன ஆச்சு என்று போனது பேச்சு. எடை அப்படியே இருந்தது. ராத்திரித் தூக்கம் கெடவில்லை. சோகையும் இல்லை.

"கோதுமையை விட்டு எத்தனை நாள் ஆச்சு, ஐயா?"

"ரெண்டு மாசம் சார். சப்பாத்தியைக் கண்ணால பாக்கலை."

"காலையில என்ன சாப்பிடறீங்க?"

"காராபாத். சில நாள் கூட ஒரு கேசரிபாத்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அது ரெண்டும் ரவைதானே. ரவை எதுல இருந்து வருது?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இரண்டு மாதமாக அவர் விட்டது சப்பாத்தியை, கோதுமையை இல்லை. பெருங்காயத்தூளில்கூட மைதா கலந்திருக்கலாம் என்று அப்போதுதான் எனக்கும் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்தது மாத்திரைக் கேள்வி. சித்தப்பா சட்டைப் பையிலிருந்து அட்டைகளை எடுத்து வைத்தார். டாக்டர் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சுகருக்கு எடுக்கும் மெட்ஃபார்மின். அளவை எப்போது கூட்டினார்கள் என்று கேட்டார். சித்தப்பா விரல்விட்டு எண்ணினார். எட்டு மாதம் முன்னால்.

மெட்ஃபார்மின் நல்ல மருந்து. ஆனால் வயிற்றைக் கலக்குவது அதன் பழைய குணம், அளவு கூடினால் இன்னும் அதிகம். மூன்று டாக்டர்களும் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தேடியபோது, பதில் அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. இவர் சுகர் டாக்டருக்கு அங்கேயே போன் போட்டுப் பேசி, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி, அளவைக் குறைக்க ஏற்பாடு செய்தார். நாமாக நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். பிறகுதான் ஃபைலைத் திறந்தார். கோட்டைச் சற்றே தாண்டிய அந்த எண்ணை விரலால் தொட்டு, "இதை இப்போதைக்கு இப்படியே வைப்போம். நீங்க சப்பாத்தி சாப்பிடுங்க. ஒரு மாசத்துல சரியாகலைன்னா, பயாப்ஸி எடுப்போம், கொலனோஸ்கோப்பியும் பாத்துடுவோம்" என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் சித்தப்பா வெகுநேரம் பேசவில்லை. அல்சூர் ஏரி தாண்டியதும் சொன்னார்: "ஃபீஸை மட்டும் வாங்கிட்டு ஒரு டெஸ்ட்டும் எழுதித் தரலையேடா. நல்ல டாக்டர்தானா இவர்?"

மூன்றாவது வாரம் போன் வந்தது. பஸ்ஸில் பங்காருப்பேட்டை போய் வந்தாராம், வழியில் எங்கும் இறங்க வேண்டியிருக்கவில்லையாம். மஞ்சப்பையை என் வீட்டில் மறந்துவிட்டுப் போனதைச் சொல்லி, "பையை மட்டும் யாராவது வந்தா குடுத்தனுப்பு. உள்ள இருக்கற காகிதம் எதுக்கு, தூக்கிப் போடு" என்றார்.

பையைக் கொடுத்தனுப்பினேன். காகிதங்களைத் தேதி வரிசைப்படி அடுக்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். அந்த எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். குழாய் சிறுகுடல்வரை போயிருக்கிறது. துணுக்கு எதுவும் எடுக்கவில்லை.